வராத குளிர்காலமும் பிறவாத மகளும்

நாவலாசிரியர் ஒருவர் கதை எழுதாத நாட்களில் எதை எண்ணுகிறார்? வீட்டினுள் அமர்ந்து, சன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் பொருள்களைப் பற்றி அவர் எண்ணுவனவற்றுக்கு இலக்கிய மதிப்பு உண்டா? நார்வே நாட்டு நாவலாசிரியர் கார்ல் ஊவே க்னவுஸ்கோர் எழுதிய 'குளிர்காலம்' என்னும் நூலைப் படித்து முடித்தபோது இக்கேள்விகள் நம்முள் எழுந்தன. அந்நூலின் நிறையையும் குறையையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலுக்குள் நுழையுமுன் ஆசிரியரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1968ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் ஆஸ்லோ நகரில் பிறந்தவர் க்னவுஸ்கோர். தென் நார்வேயின் துரோமோயா என்னும் தீவில் இளமையைக் கழித்தவர். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். மகன் அஞ்சி நடுங்கும்படி வாழ்ந்து, இறுதியில் குடியால் அழிந்தவர். அந்தத் தந்தையின் சாவிலிருந்து தொடங்கி, தம் வாழ்வை ஏறத்தாழ ஒளிவுமறைவின்றி ஆறு பாகங்களில் எழுதினார் மகன். 'என் போராட்டம்' என்ற அந்தப் பெருநாவல் 2009 முதல் 2011 வரை வெளிவந்தது. மூவாயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்நூல் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. உறவினரின் சினத்தையும் உடன் தேடித் தந்தது. தந்தைவழிச் சுற்றத்தார் பலர் கூடிச் செய்தித்தாளில் கண்டனம் எழுதினர். வீட்டுச் செய்தியை அம்பலத்தில் ஏற்றிவிட்டார் என்பதே அவர்கள் முறையீடு. இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டால்தான் 'குளிர்காலம்' என்னும் அமைதியான நூல் ஏன் அவ்வாறு அமைந்தது என்பது விளங்கும்.

நூலின் அமைப்பு

இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம், கோடை என நான்கு பருவங்களின் பெயரால் நான்கு நூல்களை அவர் எழுதினார். முதலிரண்டும் நார்வே மொழியில் 2015இலும், பின்னிரண்டும் 2016இலும் வெளியாயின. இங்வில்ட் பர்க்கி அவற்றை ஆங்கிலமாக்கினார். 'குளிர்கால'த்துக்கு ஸ்வீடன் நாட்டு ஓவியர் லார்ஸ் லெரின் நீர்வண்ண ஓவியங்கள் தீட்டியுள்ளார்.

திசம்பர், சனவரி, பிப்ரவரி என நூல் மூன்று பகுதிகளாய்ப் பகுக்கப்பட்டுள்ளது. பகுதிக்கு இருபதாக அறுபது சிறு கட்டுரைகள். ஒவ்வொரு பகுதியின் தலைவாயிலிலும் ஒரு மடல். முதலிரு மடல்களும் தாயின் வயிற்றில் இருக்கும் மகளுக்கு எழுதப்பட்டவை. மூன்றாவது மடல் பிறந்துவிட்ட மகளுக்கு எழுதப்பட்டது. குழந்தை காணப்போகும் உலகத்தை ஒவ்வொரு பொருளாக அறிமுகப்படுத்துவதே நூலின் ஏற்பாடு. நிலவு, நீர், ஆந்தை, நாணயம், நாற்காலி, குழாய், பல் துலக்கி, சர்க்கரை, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, சேவல், பேருந்து, சாலையில் பதித்த சாக்கடை மூடி, சன்னல் என்று பட்டியல் நீள்கிறது. உயர்ந்த பொருள் தாழ்ந்த பொருள் என்ற வேறுபாட்டை அவர் பார்ப்பதில்லை. நிலவுக்கு எத்தனை பக்கமோ, ஏறக்குறைய அத்தனை பக்கமே பஞ்சுக்குச்சிக்கும்.

பெயருக்குத்தான் குளிர்காலம்

நூல் சுட்டும் குளிர்காலம் 2013ஆம் ஆண்டின் இறுதியிலும் 2014இன் தொடக்கத்திலும் அமைந்தது. ஆசிரியர் அப்போது தாய்நாட்டில் இல்லை. ஸ்வீடனின் தென்கோடியான ஸ்கோனே மாநிலத்தில், பால்டிக் கடலை அடுத்த ஊஸ்தாத் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில், மனைவி மக்களோடு வாழ்ந்து வந்தார். அந்த ஆண்டு வட ஐரோப்பாவில் குளிர் வழக்கத்தினும் மிக மென்மையாக இருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து புயற்சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஈரமும் இளஞ்சூடும் கொண்ட காற்றை வடக்கே கொண்டு சேர்த்தன. அதே மாதங்களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி கடுங்குளிரில் உறைந்தது என்பது நினைவிருக்கலாம்.

ஸ்வீடன் நாட்டு வானிலைத் துறையார் குளிர்காலத்துக்கு நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நாளின் சராசரி வெப்பம் சுழியிலோ அதற்குக் கீழோ தொடர்ந்து ஐந்து நாட்கள் நின்றால்தான் குளிர்காலம் வந்ததாக அவர்கள் கணக்கில் எழுதுவார்கள். வடக்கே இந்த நிபந்தனை எளிதில் நிறைவேறிவிடும். தென்கோடியான ஸ்கோனேயிலோ சில ஆண்டுகளில் குளிர்காலம் வராமலே வசந்தம் பிறந்துவிடுவதுண்டு. திசம்பர் மாதத்துப் பகல் அங்கே ஏறத்தாழ ஏழு மணி நேரமே. இருளும் சேறும் மழையும் காற்றும் உண்டு. நிலைத்து நிற்கும் வெண்பனிக்குத்தான் உறுதி இல்லை.

இத்தகைய இடத்தில் அமர்ந்து ஒருவர் மகளுக்குக் குளிர்காலத்தை எழுதிக் காட்டப் புகுந்தார். நூலின் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள்: முதற்பனி, குளிர், பனி, குளிர்காலம், பனிக்குவியல், குளிர்கால ஓசைகள், குளிர்காலக் காலணி. இத்தனை தலைப்புகள் எதற்கு? வெளியே வெண்பனி மலிந்து கிடந்தால் மகளைக் கையிலெடுத்துச் சென்று காட்டிவிடலாம். காட்ட முடியாததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே அவர் எழுபதுகளின் துரோமோயா தீவுக்கும், அங்கே தாம் சிறுவனாகக் கண்ட பனிக்கும், இருண்ட சாலையில் சிறுவர் மேலங்கியில் தொங்கி வண்டி விளக்கொளியில் மின்னும் வில்லைக்கும் திரும்பத் திரும்பச் செல்கிறார். எழுபதுகள் என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பும் இட்டிருக்கிறார். பருவம் என்பது வானிலையால் மட்டும் ஆனதன்று. மூத்தவர் இளையவருக்குக் கொடுத்துச் செல்லும் உடைமைகளுள் அதுவும் ஒன்று. வானம் அதைக் கொடுக்கத் தவறும் ஆண்டில் தந்தைதான் கொடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனி உரிமை உண்டு. நம் மொழியில் பனி என்னும் சொல் புல்நுனியில் நிற்கும் துளியைக் குறிக்கும். மார்கழி விடியலில் வயலை மூடும் புகையைக் குறிக்கும். முன்பனி, பின்பனி என்று இரு பருவங்களுக்குப் பெயரிட்ட மொழி இது. ஆயினும் வானிலிருந்து உதிர்ந்து தரையை மூடும் அந்த வெண்மைக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. வெண்பனி, உறைபனி என்று அடைமொழி கூட்டித்தான் சமாளிக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதில்லை. சொல்லால் மட்டுமே அறிவோம். ஆகவே இந்நூலின் முன் நாம் அமரும் இடம், பிறவாத அந்த மகள் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ளது. அவளும் காணாதவள், நாமும் காணாதவர்கள். அவளுக்குப் பனியைத் தர முடிந்தால் நமக்கும் அவரால் தர முடியும். இந்த அளவுகோலால் அளக்கும்போது, நூலின் சிறந்த பக்கங்கள் வெற்றி பெற்றவை என்றே நாம் கூறுவோம். பனி விழுந்ததும் ஊரின் ஓசை எப்படி மாறுகிறது, பழகிய தோட்டம் எப்படி வேறு தோட்டமாகிறது என்பவற்றைப் படிக்கும்போது, வியப்புச் சொற்கள் எவையும் இல்லாமலே நம் அறையிலும் ஒரு தண்மை பரவக் காண்கிறோம்.

தந்தை எழுதும் மடல்

மூத்தோர் இளையோருக்கு மடல் எழுதும் மரபு நமக்குப் புதிதன்று. தம்மிடம் அறிவுரை வேண்டிய மாணவருக்கு இமாம் கஸ்ஸாலி எழுதிய மடல் 'அய்யுஹல் வலத்' என்ற பெயரால் ஒன்பது நூற்றாண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகிறது. 1928ஆம் ஆண்டுக் கோடையில், முசோரி மலையில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு நேரு எழுதிய கடிதங்களை அறியாதவர் இல்லை. டாக்டர் மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' ஆகிய மடல் நூல்கள் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றவை. இம்மூன்றிலும் எழுதுபவர் ஓர் ஆசான். கஸ்ஸாலி உள்ளத்தைத் திருத்துகிறார், மு.வ. வாழ்க்கைக்கு வழி சொல்கிறார். நேரு உலகம் தோன்றிய கதையை எடுத்துரைக்கிறார்.

க்னவுஸ்கோர் இவர்களிடமிருந்து மாறுபடும் இடம் கவனிக்கத்தக்கது. அவர் அறிவுரை எதுவும் கூறுவதில்லை. நேருவைப் போல அவரும் மகளுக்கு உலகத்தை அறிமுகப்படுத்துகிறார்தான். எனினும் நேரு பூமியின் தோற்றத்திலிருந்து தொடங்க, இவர் கழிவறை மாடத்தில் கிடக்கும் பல் துலக்கியிடம் வந்து நிற்கிறார். தந்தையின் அதட்டலுக்கு அஞ்சி வளர்ந்த சிறுவன், தானே தந்தையானபோது அதட்டாத ஒரு குரலைத் தேடினான். பொருள்களைப் பற்றிப் பேசுவதில் அக்குரல் கிடைத்தது என்று நாம் கருதுகிறோம். 'இப்படி இரு' என்று சொல்லாமல் 'இது இப்படி இருக்கிறது, பார்' என்று மட்டும் சொல்லும் தந்தையிடம் எந்தக் குழந்தைதான் அஞ்சும்?

அவர் எழுதும் முறையிலும் ஒரு நேர்மை உண்டு. பொருளை முதலில் அதன் உருவத்தாலும் பயனாலும் அறிமுகப்படுத்துகிறார். நிலவு அவருக்கு முதலில் ஒரு பெருங்கல்தான். கவிஞர்கள் அதன்மேல் ஏற்றியவை எல்லாம் பிறகு வருபவை. நாணயத்தைப் பற்றிய கட்டுரையை, காசும் நோட்டும் கைமாறுவது அருகிவரும் ஸ்வீடனில் வைத்துப் படித்தால் அதன் அருமை தெரியும். அந்தக் குழந்தை வளர்ந்து கடைக்குச் செல்லும் நாளில் சட்டைப்பையில் காசு குலுங்கும் ஓசை இருக்குமோ இராதோ. வெண்பனிக்கு நேர்ந்தது காசுக்கும் நேர்கிறது. எழுபதுகளின் சிறுவன் இயல்பாய்ப் பெற்ற பல, மகளுக்கு எழுத்தின் வழியாகவே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

நிக்கோலாய் அஸ்திரூப் பற்றிய கட்டுரையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1880 முதல் 1928 வரை வாழ்ந்த இந்த நார்வே ஓவியர், மேற்கு நார்வேயின் யோல்ஸ்டர் என்ற ஒரே வட்டாரத்தை, அதன் ஏரியையும் மலையையும் தோட்டத்தையும் பருவந்தோறும் திரும்பத் திரும்பத் தீட்டியவர். உலகத்தைக் காண ஓரிடம் போதும் என்று வாழ்ந்து காட்டிய அந்த ஓவியரை, தம் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு அதிகம் நகராத இந்நூலில் ஆசிரியர் நினைவுகூர்வது மிகவும் பொருத்தமே.

குறைகள்

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை, ஒரே படிக்கட்டில் ஏறுவது. பொருளின் உருவம், அதன் பயன், ஓர் இளமை நினைவு, இறுதியில் வாழ்வு சாவு பற்றிய ஒரு பேருரை என்பதாகப் பல கட்டுரைகள் நடக்கின்றன. ஐந்து கட்டுரை படிக்கும்வரை இது தெரிவதில்லை. பத்தாவது கட்டுரையில், கடைசிப் பத்தி எங்கே போய் நிற்கும் என்பதை வாசகரே சொல்லிவிடலாம். பஞ்சுக்குச்சி பஞ்சுக்குச்சியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சில இடங்களில் சொல்லத் தோன்றுகிறது. தொண்ணூறு நாட்களுக்கு அறுபது கட்டுரைகள் என்பது ஆசிரியர் வகுத்த கணக்கு. நாளுக்கு ஒன்றுக்கு மேல் படியாதிருப்பதே இந்நூலைப் படிக்கும் முறை.

இரண்டாவது குறை, மகளை மறந்துவிடுவது. மடல் மகளுக்கு என்று தொடங்கிவிட்டு, இடையிடையே உடலின்பம் பற்றிய கட்டுரைகளையும் சேர்த்திருக்கிறார். அவற்றில் ஆபாசம் இருக்கிறது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அங்கே பேசுவது தந்தையின் குரல் அன்று. தம் வயதொத்த வாசகரை நோக்கிப் பேசும் நாவலாசிரியரின் குரல். நூலின் ஏற்பாடு அவ்விடத்தில் அறுந்துபோகிறது. மடல் நூல் என்று நம்பி வீட்டுப் பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்க எண்ணுபவர்கள் முதலில் தாம் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

மூன்றாவது குறை, பொருள்களுக்கு நடுவே மனிதர்களை வைப்பது. நண்பர்கள் சிலரைப் பற்றி, பெயரையோ பெயரின் முதலெழுத்தையோ தலைப்பாக இட்டு எழுதியிருக்கிறார். நாற்காலியை எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் நாற்காலிக்கு நோவதில்லை. மனிதருக்கு அப்படியா? நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட பக்கங்கள்தாம் அவை. ஆயினும் பொருளை எடை போட்ட அதே தராசில் நண்பரையும் ஏற்றிப் பார்க்கும்போது படிப்பவர் மனம் சற்றே கூசுகிறது.

யாருடைய மடல்?

இந்த மூன்றாவது குறையிலிருந்தே நூலின் மையமான கேள்வி எழுகிறது. பிறவாத மகளுக்கு எழுதிய மடலை, அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது வருமுன்னே, நாடு பல கடந்து நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். இது முறைதானா?

நம் வீடுகளுக்கு இக்கேள்வி அயலானதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சபர் சென்ற ஆண்கள் எழுதிய கடிதங்களால் வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. வாப்பாவின் கடிதம் வந்தால், எழுத்தறிந்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்க, உம்மாவும் பாட்டியும் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். இது தெரிந்தே வாப்பாவும் எழுதுவார். எல்லாரும் கேட்கத் தக்கது கடிதத்தில் இருக்கும். உம்மா மட்டும் உணர வேண்டியது, விலைவாசியையும் உடல்நலத்தையும் விசாரிக்கும் வரிகளுக்கு இடையில் இருக்கும். 'மழை பெய்ததா, கூரை ஒழுகுகிறதா' என்ற ஒரு வரியில் எத்தனை அன்பை அடக்க முடியும் என்பதை அந்தக் கடிதங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

'குளிர்காலம்' நூலின் நல்ல பக்கங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. தம் சுற்றத்தாரை முகத்துக்கு நேரே எழுதி, அதற்குரிய விலையையும் கொடுத்த ஒருவர், காலணியைப் பற்றியும் குழாயைப் பற்றியும் எழுதும்போது ஆளைக் காட்டாமலே வீட்டைக் காட்டக் கற்றுக்கொள்கிறார். பொருள் ஒரு திரையாக நின்று மனிதரைக் காக்கிறது.

திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அடுத்த நூலான 'வசந்த'த்தில் தெரிகிறது. அந்தக் குழந்தையைச் சுமந்திருந்த காலத்தில் தாய் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதையும், இல்லத்தைத் தாங்கும் சுமை தந்தையின் தோளில் விழுந்ததையும் அதில் அவர் மகளுக்கு விரித்துரைக்கிறார். 'வசந்த'த்தைப் படித்த பின் 'குளிர்கால'த்துக்குத் திரும்பினால், முன்பு சாதாரணமாகத் தோன்றிய பக்கங்கள் வேறு கனம் பெறுகின்றன. வீட்டில் இறைந்துகிடக்கும் பொருள்களைப் பற்றியும், பழக்கங்களைப் பற்றியும், குளிர்காலக் காலணிகளைப் பற்றியும் அவர் எழுதியது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது புலனாகிறது. காலையில் எழுந்து பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் அன்றாட ஒழுங்கு, ஒரு குடும்பம் சிதையாமல் இருக்கும்படி பிடித்து நிறுத்திய கயிறாக இருந்திருக்கிறது.

'வசந்தம்' ஆற்றல் மிக்க நூல். 'குளிர்கால'த்தைவிட வேகமாகப் படிக்கச் செய்வது. அதைப் புகழ்ந்தவர் பலர். உண்மையை மறைத்தால் மகள் பிறர் வாயால் கேட்க நேரும், ஆகவே தந்தையே சொல்வது மேல் என்று ஆசிரியர் பக்கம் நின்று வாதிடவும் இடமுண்டு. நாம் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடவில்லை. எனினும் மகளுக்குச் சொல்வது வேறு, மகளின் பெயரால் உலகுக்குச் சொல்வது வேறு. தாயின் நோயைப் பற்றிய செய்தியை மகள் தன் வீட்டில் தனியே அறியும் உரிமை, நூல் அச்சேறிய நாளில் அவளிடமிருந்து போய்விட்டது. வெண்பனியையும் நிலவையும் எத்தனை பேருக்குப் பகிர்ந்தாலும் அவளுடைய பங்கு குறைவதில்லை. வீட்டின் துயரம் அப்படிப்பட்டதன்று. இந்த வேறுபாட்டை 'குளிர்காலம்' பெரும்பாலும் காத்தது என்பதே, அதை நான்கு நூல்களுள் உயர்ந்ததாக நாம் மதிப்பதற்குக் காரணம்.

இந்நூல் வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பின், 2019–20ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தென் ஸ்வீடனின் பெரும்பகுதிக்கு வானிலைக் கணக்கின்படி குளிர்காலம் வரவேயில்லை. ஐரோப்பா முழுவதற்குமே அதுவரை பதிவான குளிர்காலங்களுள் மிக வெப்பமானது அது. மடலுக்குரிய மகளுக்கு அப்போது வயது ஆறு. பனியில் ஆடித் திரிய வேண்டிய வயது. அவ்வாண்டு அவள் தன் ஊரில் குளிர்காலத்தைத் தேடியிருந்தால், தந்தை எழுதி வைத்த பக்கங்களில்தான் அது முழுமையாக இருந்திருக்கும்.

பெரிய நாவல்களின் கதைப்பின்னலை எதிர்பார்த்து இந்நூலை எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். வீட்டிலுள்ள ஒரு நாற்காலியை, ஒரு சன்னலைப் புதிதாய்ப் பார்க்க விரும்புபவர்கள் ஏமாற மாட்டார்கள். படித்து முடித்த பின், தம் பேரப் பிள்ளைகள் காணப்போகாத எந்தெந்தப் பொருளைப் பற்றித் தாம் எழுதி வைக்கலாம் என்ற எண்ணம் வாசகர் யாருக்கேனும் தோன்றுமானால், இந்நூலால் நமக்கு விளைந்த பயன் அதுவே. எழுத அமர்பவர்கள் பொருள்களைப் பற்றி எவ்வளவும் எழுதலாம். மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும், அந்தக் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படிக்கப் போகிறவர் யார் என்பதை ஒருமுறை எண்ணிக்கொள்வது நலம்.